ஸ்மைல் டாட் ஜேபிஜி படத்தைப் பார்த்தா நிஜமாவே ஏதாவது ஆகுமா?

ஒண்ணும் ஆகாது. நேத்து ராத்திரி அந்தப் படத்தைப் பார்த்துட்டு தூக்கம் வராமத்தான் இதைக் கேட்டிருப்பீங்கன்னு தோணுது, அதான் முதல்லயே சொல்லிட்டேன். மனுஷப் பல்லோட சிரிக்கிற நாய், பார்த்தவங்க கனவுல வந்து "பரப்பு"ன்னு சொல்லும், இன்னொருத்தருக்கு அனுப்புற வரைக்கும் விடாதுங்கிறது இன்டர்நெட்ல அந்தப் படத்தோட சுத்துற கதை. சாமி பேரைப் போட்டு இத்தனை பேருக்கு எழுது, இல்லன்னா கெட்டது நடக்கும்னு நம்ம வீடுகளுக்கு முன்னெல்லாம் போஸ்ட் கார்டு வரும்ல, அதே சங்கதிதான்.

இதுக்கெல்லாமா பயப்படுவாங்கன்னு கேக்குறவங்க என் தங்கச்சியைப் பார்த்திருக்கணும். 2010, அவ எட்டாவது. சூசைட்மவுஸ் டாட் ஏவிஐன்னு ஒரு வீடியோவை ஃப்ரெண்டு வீட்டுல பார்த்துட்டு வந்து மூணு நாள் சாப்பிடல, லைட்டை அணைக்க விடல. மிக்கி மவுஸ் தலையைத் தொங்கப் போட்டுட்டு கட்டிடங்களைத் தாண்டி நடந்துட்டே இருக்கும், நடுவுல வெறும் கருப்பு, அப்புறம் அலறல். 1930கள்ல டிஸ்னி எடுத்து ஒளிச்சு வெச்சது, முழுசா பார்த்த ஊழியர் செத்துட்டார்னு கதை கட்டியிருந்தாங்க. அம்மா தர்காவுக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிச்சுட்டு வந்தாங்க, அதை நான் தப்பு சொல்ல மாட்டேன், அன்னிக்கு ராத்திரிதான் அவ கொஞ்சம் தூங்கினா. மறுநாள் பகல்ல பக்கத்துல உக்கார வெச்சு, சவுண்டை அணைச்சுட்டு அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். பாரு, அதே நடை, அதே கட்டிடம், ஒரு சின்னத் துண்டை வெட்டி திரும்பத் திரும்ப ஒட்டியிருக்காங்க, யூடியூப்ல ஏறினதே 2009 நவம்பர்லதான்னு சொன்னேன். "அப்ப யாரும் சாகலையா?"ன்னு கேட்டா. அவ பயந்தது அந்த ஊழியருக்காகன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

பயப்பட வேண்டிய ஃபைல் வேற. என்ன வகை ஃபைல்னு காட்டுற, பேரோட கடைசித் துண்டை விண்டோஸ் வழக்கமா மறைச்சுடும், அதனால படம் மாதிரி தெரியறது எக்ஸிஇயா, அதாவது திறந்ததும் ஓடுற புரோகிராமா இருக்கலாம். 2000 மே மாசம் உலகம் பூரா பரவின ஐ லவ் யூ வைரஸ் இப்படித்தான், டெக்ஸ்ட் ஃபைல்னு நம்பித் திறந்தாங்க. ஃபோல்டர் ஐகானோட வர்ற நியூ ஃபோல்டர் டாட் எக்ஸிஇயும் அப்படித்தான். அது எங்க காலேஜ் லேப்ல எல்லா மெஷின்லயும் இருந்துச்சு, என் பென் டிரைவ்ல ஒட்டினதே அங்கதான், ஆனா நான்தான் கொண்டு வந்தேன்னு சொல்லி 500 ரூபா ஃபைன் போட்டாங்க, கட்டுற வரைக்கும் ரெக்கார்டு நோட்டுல கையெழுத்தும் போடல. இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு ஆறல.

உங்களுக்கு அந்தப் படத்தை அனுப்பினவங்க யாருன்னு தெரிஞ்சா, இனி அனுப்பாதேன்னு நேராவே சொல்லிடுங்க. இன்னிக்கு ராத்திரி தனியா படுக்காதீங்க.