உளி எங்கே நிற்கும்?

அன்புள்ள ஐயா,

துவாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். போன வருஷம் பேரிங் கழற்ற நானே ஒரு பிடிமானம் செய்தேன். இரண்டு மணி நேர வேலை இருபது நிமிஷமானது. 'புத்தாக்கம்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள், சூப்பர்வைசர் பெயரில். இரவில் கதையும் எழுதுகிறேன். வீட்டில் அதற்குப் பெயர் கட்டுக்கதை. இரண்டும் ஒரே மாதிரி வேலைதானா? பிடிமானம் சரியாக வந்துவிட்டது என்று கழற்றிப் பார்த்தால் தெரியும். கதைக்கு?

க., ஜூரோங் வெஸ்ட்

அன்புள்ள க.,

சான்றிதழ் விஷயம் அநியாயம். அடுத்த முறை முதலில் படம் வரைந்து, உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

இரண்டும் ஒன்றுதான் என்று மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் உரசிக்கொள்கின்றன. அதற்கு நாம் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் போகவேண்டும்.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி மரத்தையும் கண்டுபிடிக்கவில்லை, பாலையும் கண்டுபிடிக்கவில்லை. பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். காயம் கட்டைவரை இறங்கி மரம் கெட்டது. ரிட்லி பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவினார். அடுத்த முறை புது இடம் தேடாமல் அதே வெட்டின் ஓரத்தில் இன்னொரு சீவல். பால் குறையவில்லை, கூடியது. சீவிய பட்டையும் திரும்ப வளர்ந்தது. கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள்கூட இல்லாத கண்டுபிடிப்பு அது. (ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை நச்சரித்ததில் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர். நூறு வயது வாழ்ந்தார்.)

என் பாட்டி ஜொகூரில் பால் வெட்டியவர். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டை சீவும் உளியோடு மர நிரைக்குப் போவார். "பட்டைக்குள்ள ஈரமா ஒரு தோல் இருக்கும். அதத் தொட்டா மரம் முண்டு முண்டா வீங்கிடும்" என்பார். சங்கடம் என்னவென்றால், பால் அதிகம் இருப்பதும் அந்தத் தோலை ஒட்டித்தான்.

தாத்தா வீட்டைவிட்டுப் போன இரவைக் கதையாக்கினேன். யார் என்ன கத்தினார்கள், யார் அழுதார்கள், ஒன்று விடவில்லை. அத்தை ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அதுகூடப் பரவாயில்லை, கதையே வீங்கிக் கிடந்தது. பயந்துபோய் இரண்டாவது முறை மழையும் மரமுமாக எழுதினேன். ஒரு சொட்டுப் பால் இல்லை. மூன்றாவதில் மறுநாள் காலை மட்டும்: பாட்டி தன் உளியைத் தீட்டுகிறார், பிறகு தாத்தாவின் உளியையும் எடுத்துத் தீட்டுகிறார். அது நானாகப் புனைந்தது. படித்துவிட்டு அத்தை சொன்னார்: "ஆமா, அன்னைக்கு அம்மா ரெண்டையுந்தான் தீட்டினாங்க."

அது கட்டுக்கதையா என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுச் சொல்லுங்கள்.

வித்தியாசமும் உண்டு. உங்கள் பிடிமானம் யார் கையிலும் அதே வேலையைச் செய்யும். ரிட்லியின் வெட்டைப் புதிதாக வந்தவருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். அந்த மூன்றாவது பிரதியோ, என்னுடைய அடுத்த கதைக்கே உதவவில்லை.

சூப்பர்வைசர் அந்தச் சான்றிதழை எங்கே மாட்டியிருக்கிறார்? உங்கள் கதையை அந்தச் சுவரிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அவரைத் திட்டும் பக்கங்களையும் எழுதுங்கள், ஆனால் எனக்கு அனுப்பவேண்டாம்.