பிரஸ் ரிலீஸோடு அனுப்பும் படத்தைப் பத்திரிகையில் போடுவதே இல்லை. எப்படி அனுப்பினால் போடுவார்கள்?

கேட்டவர் கோவையில் ஒரு பி.ஆர். ஏஜென்சியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறதாம். செய்தி நாலு வரியாவது வந்துவிடுகிறது, படம் மட்டும் வருவதில்லை, கிளையன்ட் தினமும் திட்டுகிறார் என்று எழுதியிருக்கிறார். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவன். கோவையில் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்கில் பதினாலு வருடம், அதில் பாதிக்கு மேல் மாவட்டப் பக்கம். உங்களைப் போன்றவர்கள் அனுப்பிய படங்களைத் தினமும் திறந்து பார்த்து, பெரும்பாலும் அப்படியே மூடியவன். ஏன் மூடினேன் என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நிறுவனம் தேங்காய் உரிக்கும் மெஷின் ஒன்றை அறிமுகம் செய்தது. நல்ல செய்தி. தேங்காய் உரிக்க ஆள் கிடைக்காமல் தோப்புக்காரர்கள் அல்லாடிக்கொண்டிருந்த நேரம். படத்தைத் திறந்தேன். பதினோரு பேர் வரிசையாக நிற்கிறார்கள். எல்லார் தோளிலும் சால்வை, நடுவில் இருப்பவர் கையில் பூங்கொத்து, பின்னால் ஃபிளெக்ஸ். மெஷின் எங்கே என்று தேடினால், ஐந்தாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் இடையில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு தகடு கொஞ்சம் தெரிந்தது. பி.ஆர்.ஓ.வுக்கு போன் போட்டு, "ஏனுங்க, மெஷின் மட்டும் இருக்கற படம் ஒண்ணு கிடைக்குமுங்களா?" என்று கேட்டேன். "அதைத் தனியா எடுக்கலீங்க சார். எம்.டி. நிக்கறதுதானுங்க முக்கியம்" என்றார். படம் இல்லாமல் ஐந்து வரி போனது.

உங்கள் கிளையன்டும் இப்படித்தான் நினைப்பார். அவர் கேட்பது ஆல்பத்துக்கான படம். கல்யாண வீட்டு ஸ்டேஜில் எல்லாரும் ஒரு தடவை ஏறி நின்று எடுத்துக்கொள்வது மாதிரி. அதில் தப்பில்லை, அவர் காசு, அவர் விழா. ஆனால் ஆனைமலையில் டீக்கடை பெஞ்சில் பேப்பரைப் பிரிப்பவருக்கு அந்தப் பதினோரு பேரில் ஒருவரையும் தெரியாது. தேங்காயைத் தெரியும். தரையில் நட்ட இரும்புப் பாரையில் குத்திக் குத்தி உரித்த கை அவருடையது. மெஷினுக்குள் தேங்காய் போவதும் மட்டை பிய்ந்து வருவதும் தெரிகிற மாதிரி ஒரு படம் இருந்தால் அவர் நின்று பார்ப்பார். அவர் நின்று பார்ப்பார் என்று தோன்றினால் நான் மூன்று காலம், அதாவது பக்கத்தில் மூன்று பத்தி அகலம், கொடுப்பேன். அவ்வளவுதான் கணக்கு.

ஆகவே ஒரே நிகழ்ச்சியில் இரண்டு வேலை செய்யுங்கள். குரூப் போட்டோவை கிளையன்டுக்காக எடுத்துவிடுங்கள். அது முடிந்ததும் பத்து நிமிஷம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் பொருள், அதைப் பயன்படுத்தும் ஒரு ஆள், கூட வேண்டுமானால் எம்.டி. மூன்று பேருக்கு மேல் வேண்டாம். எம்.டி. கேமராவைப் பார்க்க வேண்டாம், மெஷினைப் பார்க்கட்டும். கையை அதன் மேல் வைக்கட்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் போஸை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை, கோவையில் பம்ப் கம்பெனியில் ஆரம்பித்து நாமக்கல் கோழித்தீவனக் கம்பெனி வரை எல்லா முதலாளியும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

இடத்தையும் பாருங்கள். அவிநாசி சாலை ஓட்டல் ஹாலில் பிரஸ் மீட் வைத்தால் பின்னால் எல்.இ.டி. சுவர், மேலே ஊதா வெளிச்சம். நேரில் ஜோராக இருக்கும். படத்தில் சுவர் பளிச்சென்று எரியும், முகம் இருண்டுவிடும், இருண்ட முகமும் ஊதாவாக இருக்கும். இது செய்தித்தாள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அந்தத் தாளில் மை பரவும். போன் திரையில் கருநீலக் கோட்டும் கறுப்புத் திரையும் தனித்தனியாகத் தெரிந்தாலும், அச்சில் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். அதனால்தான் கொஞ்சம் வெளிச்சம் தூக்கலான படத்தை நாங்கள் எப்போதும் விரும்புவோம். பேசுபவரைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஹாலை விட்டு வெளியே, ஜன்னல் வெளிச்சம் விழும் வராந்தாவுக்குக் கூட்டி வந்து நாலு படம் எடுத்தால் போதும். செலவே இல்லை.

திருப்பூர், கரூர் கிளையன்ட் இருந்தால் இன்னொரு சிக்கல். ஃபேக்டரிக்குள் எடுக்கும் படம் நன்றாக இருக்கும், ஆனால் ஷட்டரை அழுத்துவதற்கு முன் பின்னணியை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். மேஜை மேல் கிடக்கும் டி-ஷர்ட்டில் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் லேபிள் தெரிந்தால், மறுநாள் உங்கள் கிளையன்டுக்கு அங்கிருந்து மெயில் வரும். கட்டிங் செக்ஷனில் மெஷின் ஓட்டுபவர் கையில் கம்பி வலைக் கையுறை இல்லையென்றால் அந்தப் படத்தை அனுப்பாதீர்கள். செய்தி ஏற்றுமதி விருதைப் பற்றி இருக்கும், படிக்கிறவர் பேசுவது அந்தக் கையைப் பற்றித்தான். சாயப்பட்டறை என்றால் இன்னும் கவனம். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுக்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் திருப்பூர். பின்னால் ஓரமாக நிறத்தண்ணி ஓடினால் எங்கள் ஆட்களின் கண் முதலில் அங்கேதான் போகும், செய்தியே வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

இனி கேப்ஷன். நல்ல படங்கள் வீணாய்ப் போனது அதிகமும் இதனால்தான்.

ஒருமுறை ஈரோட்டிலிருந்து ஒரு படம் வந்தது. மேடையில் எட்டுப் பேர். கேப்ஷனில் ஏழு பெயர், "இடமிருந்து வலமாக" என்றும் போட்டிருந்தது. எட்டாவது ஆள் யார்? மணி ஆறேமுக்கால், ஏழு மணிக்குப் பக்கம் மூடியாக வேண்டும். அனுப்பியவருக்கு மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தாராம். கடைசியில் நிற்பவரைத்தான் விட்டிருப்பார்கள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, அவரை வெட்டிவிட்டு ஏழு பேரைப் போட்டேன். விட்டுப்போனவர் உண்மையில் மூன்றாவது ஆள். அதற்கப்புறம் வலப்பக்கம் இருந்த எல்லாருக்கும் பெயர் ஒன்று தள்ளிப்போய்விட்டது. நான் வெட்டியவர்தான் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தவர். மறுநாள் காலையில் எனக்கு வந்த போன்களை எழுத முடியாது. திருத்தம் போட்டோம். தப்பு என்னுடையதுதான், ஆனால் அதன்பிறகு தலையை எண்ணாமல் எந்தப் படத்தையும் நான் பக்கத்தில் வைத்ததில்லை, தலையும் பெயரும் ஒத்துப்போகாத படத்தை அந்த நிமிஷமே ஒதுக்கிவிடுவேன்.

பெயரைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். ரிலீஸ் ஆங்கிலத்தில் இருந்தாலும் கேப்ஷன் தமிழில் இருக்கட்டும். ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு தரணியா தாரணியா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? இன்ஷியல் கட்டாயம். எங்கள் பக்கம் பத்துப் பேர் மேடையில் நின்றால் அதில் இரண்டு பழனிசாமி, ஒரு சுப்பிரமணியம் இருப்பார்கள். பதவி, ஊர், எடுத்த தேதி, படம் எடுத்தவர் பெயர், இவ்வளவும் இரண்டு வரியில் அடங்கும். அதைத் தனி வேர்டு ஃபைலில் வைக்காமல் மெயிலிலேயே படத்தின் பெயரோடு எழுதுங்கள். ஃபைலுக்கும் கேமரா கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, நிறுவனம், ஊர், ஒன்று, இரண்டு என்று பெயர் வையுங்கள். இன்பாக்ஸில் ஒரே நாளில் நாற்பது ரிலீஸ் கிடக்கும்போது எண்ணை வைத்து எதைத் தேடுவது?

அளவு விஷயத்தில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. "300 டிபிஐ அனுப்பியிருக்கேன் சார்" என்பார்கள். டிபிஐ என்பது அச்சில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. திறந்து பார்த்தால் 600 பிக்சல் அகலப் படம், அதில் எண்ணை மட்டும் 300 என்று மாற்றியிருப்பார்கள். டிபிஐ எண்ணை மாற்றினால் படத்தில் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. மொத்தம் எத்தனை பிக்சல் என்பதுதான் பேச்சு. செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம், வார, மாத இதழ்களின் பளபளப்புத் தாளுக்கு 300 வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு காலம் சுமார் 4 சென்டிமீட்டர். மூன்று காலம் என்றால் 12 சென்டிமீட்டர், அதற்கு ஆயிரம் பிக்சல் அகலம் போதும்.

அப்படியானால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் என்ன, நீளமான பக்கம் சுமார் 1600 பிக்சல் வருமே என்று கேட்கலாம். முழுப் படத்தையும் அப்படியே போட்டால் வரும், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் முழுப் படத்தைப் போடுவது அபூர்வம். பதினோரு பேரில் நடுவில் இருப்பவரை மட்டும் வெட்டி ஒற்றைக் காலத்தில் வைப்போம். அந்த 1600-ஐப் பதினோரு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு நூற்றைம்பது பிக்சலுக்குக் கீழே. ஒற்றைக் காலத்துக்கே முந்நூறு வேண்டும். முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதுவும் போட்டோகிராபர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீங்கள் கிளையன்டுக்கு அனுப்பி, கிளையன்ட் "ஓகே" சொல்லி உங்களுக்கே திருப்பி அனுப்பி, அதை நீங்கள் எனக்கு ஃபார்வர்டு செய்வதற்குள் படம் நாலு தடவை துவைத்த சட்டை மாதிரி ஆகியிருக்கும். வாட்ஸ்அப்தான் வசதி என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அசல் அப்படியே வரும். மெயில் என்றால் நாலு ஜேபெக், அதற்கு மேல் வேண்டாம். கேமரா கொடுத்த முப்பதையும் கூகுள் டிரைவில் போட்டு லிங்க் தருபவர்களும் உண்டு. அதிலும் பாதிப் பேர் அனுமதியைத் திறந்து வைக்க மாட்டார்கள். "அனுமதி கேளுங்கள்" என்று திரையில் வந்தால் நான் கேட்க மாட்டேன், அடுத்த மெயிலுக்குப் போய்விடுவேன். ஐபோன்காரர்கள் ஹெச்.இ.ஐ.சி. வடிவத்திலேயே அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஆபீஸ் பழைய கம்ப்யூட்டர் அதைப் பார்த்து முழிக்கும். ஜேபெக்காக மாற்றி அனுப்புங்கள்.

வேர்டு ஃபைலுக்குள் படத்தை ஒட்டுவது, நாலு படத்தை ஒரே கொலாஜ் ஆக்குவது, மூலையில் கம்பெனி லோகோ வைப்பது, போன் கம்பெனி பெயர் ஓரத்தில் இருப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். படுக்கை வாட்டில் இரண்டு, நிற்கும் வாட்டில் ஒன்று, பேசுபவர் முகம் ஒன்று என்று கொடுத்தால் லே-அவுட் செய்பவர் உங்களை மனதுக்குள் வாழ்த்துவார். இணையதளத்துக்குப் படுக்கை வாட்டுதான் வேண்டும், அகலம் 1200 பிக்சலுக்குக் குறையாமல். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள், வெட்டுவது எங்கள் வேலை. இப்போது ஏ.ஐ. கொண்டு முகத்தை மெழுகுவது, இல்லாத பின்னணியை நீட்டுவது எல்லாம் நடக்கிறது. பின்னால் இருக்கும் கடைப் பலகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தமிழ் எழுத்து போல ஒன்று இருக்கும், வாசித்தால் எந்த மொழியும் இல்லை. ஒருமுறை அப்படிப் பிடிபட்டால் அடுத்து நீங்கள் அனுப்பும் நல்ல படத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

சட்டத்தில் இரண்டு இடம் தெரிந்திருந்தால் போதும். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து அனுப்பாதீர்கள். காசு கொடுத்து போட்டோகிராபரை அமர்த்தி எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவுப்படி அமர்த்தியவர்தான் முதல் உரிமையாளர். அந்த வழியே சுலபம். அடுத்தது காப்பக நிகழ்ச்சிகள். நோட்டுப் புத்தகம் கொடுத்தோம், ஸ்வீட் கொடுத்தோம் என்று குழந்தைகள் இல்லத்தில் எடுத்த படம் மாதம் இரண்டாவது வரும், எல்லாக் குழந்தையின் முகமும் பளிச்சென்று. 2015 இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும் படத்தை வெளியிடத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டு லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும். குழந்தைகளைப் பின்னாலிருந்து எடுங்கள், புத்தகம் வாங்கும் கையை எடுங்கள்.

சரி, கிளையன்ட் தன் முகம்தான் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால்? அந்தப் பொள்ளாச்சி பி.ஆர்.ஓ.வே ஒரு வழி கண்டுபிடித்தார். நாலைந்து மாதம் கழித்து அதே நிறுவனத்தின் அடுத்த மெஷினுக்கு அவரிடமிருந்து மெயில். மூன்று படம், தமிழில் கேப்ஷன், மணி மதியம் மூன்று. முதல் படத்தில் லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு தோப்புக்காரர் மெஷினுக்குள் தேங்காயைப் போடுகிறார், பக்கத்தில் அந்த எம்.டி. குனிந்து, வெளியே வரும் மட்டையைக் கையில் பிடித்திருக்கிறார். சட்டையெல்லாம் தேங்காய் நார். சால்வை இல்லை. நாலு காலம் போட்டேன். ராத்திரி அவருக்கு போன் செய்து, "எம்.டி.யை எப்படிங்க குனிய வெச்சீங்க?" என்று கேட்டேன். "மொதல்ல குரூப் போட்டோ எடுத்து முடிச்சிட்டேனுங்க சார். அதுக்கப்புறம் அவரு பாட்டுக்கு மெஷின்கிட்டப் போயிட்டாருங்க, போட்டோகிராபரை மட்டும் போகாம நிறுத்தி வெச்சிருந்தேன்" என்றார்.