'நூறாண்டு வெள்ளம்' வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராதா?

வரலாம். 'நூறாண்டு வெள்ளம்' என்றால், எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உள்ள வெள்ளம் என்றே பொருள். போன வருடம் வந்ததால் இந்த வருட வாய்ப்பு குறையாது. 30 வருட வீட்டுக் கடனை அடைப்பதற்குள் ஒருமுறையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இதை வீடு வாங்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, நீண்ட காலப் பதிவே இல்லாமல் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? சராசரி இங்கே உதவாது. ஒவ்வோர் ஆண்டின் உச்ச அளவை மட்டும் எடுத்து, அவற்றுக்கு ஒரு வளைகோடு பொருத்தி, அதன் வாலை, அதாவது அரிதான பெரிய அளவுகள் உள்ள முனையை, நீட்டிப் பார்க்கிறார்கள்.

ஓர் உதாரணம்: 1953 பிப்ரவரி 1 அன்று நெதர்லாந்தில் கடல் உள்ளே புகுந்து 1,836 பேர் இறந்தார்கள். ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் நீர்மட்டம் 3.85 மீட்டரைத் தொட்டது. அப்புறம் வெள்ளத் தடுப்புக்காக அரசு அமைத்த டெல்டா குழு, நூறாண்டுகூட நிரம்பாத பதிவுகளிலிருந்து, பத்தாயிரம் ஆண்டு அளவை அங்கே 5 மீட்டர் என்று நிர்ணயித்தது. கரைகளை உயர்த்த அந்த எண்தான் அடிப்படையாக இருந்தது.

வாலை நீட்ட நீட்ட நிச்சயமின்மையும் பெருகும். கடல்மட்டமே உயரும்போது பழைய உச்சங்களை அப்படியே நம்பவும் முடியாது. அதனால் ஒற்றை எண்ணை மட்டும் சொன்னால், பிழை வரம்பு எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள்.