கதைகளில் அம்மாவும் மகளும்: கேள்வி பதில்

புனைவில் வரும் அம்மா–மகள் உறவைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். பல வருடங்களாக நான் தேடித் தேடிப் படிக்கும் விஷயம் இது.

கேள்வி: பழைய தேவதைக் கதைகளில் கொடுமை செய்பவள் ஏன் எப்போதும் மாற்றாந்தாயாகவே இருக்கிறாள்?

எப்போதும் அப்படி இல்லை. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது அவளைப் பெற்ற தாய்தான். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பெற்றவளே மகளைப் பார்த்துப் பொறாமைப்படுவாள் என்பதைச் சொல்ல எவ்வளவு தயக்கம் இருந்திருக்க வேண்டும்! அந்தத் தயக்கம் இன்றும் நம் பேனாவில் இருக்கிறது.

கேள்வி: நான் எழுதும் கதையில் அம்மா கொடுமைக்காரியாகவே வந்துவிடுகிறாள். எப்படிச் சரிசெய்வது?

உங்கள் கதையை மகள்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். இத்தகைய கதைகளில் பெரும்பாலானவை மகள் சொல்பவைதான். அவள் கண்ணுக்கு அம்மாவின் செயல் தெரியும், அதன் காரணம் தெரியாது. அந்தக் காரணம் வாசகருக்குக் கொஞ்சம் கசிய வேண்டும்.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையைப் படியுங்கள். சிறுமி முதல்முறை பருவமடையும்போது அம்மா ஊரில் இல்லை. அவள் வந்து அழகாக ஏதாவது சொல்லித் தேற்றுவாள் என்று மகள் ஏங்கிக் காத்திருக்கிறாள். அம்மாவோ ஒரு பெண் பார்க்கும் விஷயமாகப் போய்விட்டுத் திரும்புகிறாள். அங்கே உறவுக்காரப் பெண்ணைக் கறுப்பு என்று வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். இவள் மகளும் கறுப்பு. வந்தவள், இதற்குள் என்ன அவசரம், இனி இதுவேறு ஒரு பாரம் என்று எரிந்துவிழுகிறாள். அவ்வளவுதான். ஆனால் அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒரு பெரிய பயம் இருப்பது நமக்குத் தெரிகிறது, மகளுக்கு அப்போது தெரியவில்லை. அதற்காக அவளுடைய காயம் குறைந்துவிடவும் இல்லை. இரண்டையும் ஒருசேர வைத்திருப்பதால்தான் அந்தக் கதையை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு பயிற்சி: அதே காட்சியை அம்மா சொல்வதாக ஒரு பக்கம் எழுதுங்கள். கதையில் சேர்க்க வேண்டாம். அப்புறம் மகளின் பக்கத்தைத் திருத்துங்கள், அம்மா மாறியிருப்பாள்.

கேள்வி: அம்மாவின் ஒரே ஒரு செயலை நம்பி முழுக்கதையை நகர்த்த முடியுமா?

தாராளமாக. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், முன்பின் தெரியாத ஒருவனிடம் சீரழிந்து வந்த மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பின்னர் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே நிலைமையில் அம்மா ஊரறியக் கதறிவிடுகிறாள். மகள் கங்காவின் வாழ்க்கை முழுக்க வேறு திசையில் போகிறது. மகளுக்கு நேர்ந்தது ஒன்றுதான், அம்மா மட்டும் மாறியிருக்கிறாள்.

கேள்வி: வசனம் செயற்கையாக வருகிறது.

இருவரையும் மனம் திறந்து பேசவிடுகிறீர்களோ? அம்மாக்கள் அன்பையும் பயத்தையும் பெரும்பாலும் கட்டளைகளாகத்தான் சொல்வார்கள். எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்டு 1978-இல் எழுதிய 'கேர்ள்' கதை முழுவதும் ஒரே வாக்கியம். இப்படித் துவை, இப்படி நட என்று அம்மா அடுக்கிக்கொண்டே போகிறாள். மகள் குறுக்கிடுவது இரண்டே முறை. கடைசியில், புதிதா என்று தொட்டுப் பார்க்க ரொட்டிக்காரர் ரொட்டியைத் தொடவிடாவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்க, இவ்வளவு சொல்லியும் தொடவிடாத மாதிரிப் பெண்ணாகத்தான் ஆகப்போகிறாயா என்கிறாள் அம்மா. அவள் மனதில் இருந்த அச்சம் முழுவதும் அந்தக் கேள்வியில் வந்துவிடுகிறது.

கேள்வி: முடிவில் மகள் அம்மாவை மன்னித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். மன்னிப்பு தானாக வந்தால் சரி. கதையை முடிப்பதற்காக அதை வரவழைக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவின் குரலிலேயே சொல்லப்பட்டவை உண்டா?

நம் சங்கப் பாடல்களிலேயே உண்டு. மகள் காதலனோடு போய்விட்டபின் நற்றாயும் (பெற்ற தாய்) செவிலியும் (வளர்ப்புத்தாய்) புலம்பும் பாடல்கள், காதலைப் பாடும் அகத்துறையில் நிறைய. கலித்தொகையின் 9-ஆம் பாடலில், மகளைத் தேடி வரும் செவிலி எதிரே வரும் அந்தணர்களிடம் அவளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். மலையில் பிறந்தாலும் சந்தனம் பூசிக்கொள்பவருக்குத்தான் பயன்படும், மலைக்கு அதனால் என்ன என்கிறார்கள் அவர்கள். நியாயமான பதில்தான். ஆனால் நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும், அதைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி நடக்கப்போகிற அந்தச் செவிலியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.