ஒரு விமானம் இறங்க வரும்போதே இன்னொன்றுக்கு டேக்-ஆஃப் அனுமதி கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் மும்பை வீடியோவைக் குறிப்பிட்டிருக்கிறார். 2024 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா விமானம் ரன்வேயை விட்டு எழும்பிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் இண்டிகோ விமானம் தரை தொட்டது. "கட்டுப்பாட்டு டவரில் இருப்பவர்கள் இப்படி ரிஸ்க் எடுக்க விதி இடம் கொடுக்கிறதா?" என்பது கேள்வி. நான் டவரில் வேலை பார்ப்பவன் இல்லை. விமான விசாரணை அறிக்கைகளை விழுந்து விழுந்து படிப்பவன், அவ்வளவுதான்.

ஓரளவுக்கு இடம் கொடுக்கிறது என்பதே பதில். பழைய ஒற்றைத் தண்டவாள ரயில் பாதையில் டோக்கன் முறை உண்டு; டோக்கன் கையில் இருந்தால்தான் டிரைவர் ரயிலை எடுக்கலாம். போன ரயிலின் டோக்கன் அடுத்த ஸ்டேஷனில் உள்ள டோக்கன் கருவிக்குள் போகும்வரை இன்னொன்றை எடுக்கவே முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் அசந்தாலும் அந்தக் கருவி அசையாது. ரன்வேக்கு அப்படிப் பூட்டு கிடையாது. முன்னால் போகும் ஜெட் தரையை விட்டு எழும்பி 6,000 அடி தள்ளிப் போயிருந்தால், பின்னால் வருவது ரன்வேக்குள் நுழையலாம் என்கிறது அமெரிக்க விதி. அந்த இடைவெளி இந்த நிமிடமே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உரிய நேரத்தில் வந்துவிடும் என்று நம்ப நியாயம் இருந்தால் அனுமதியை முன்கூட்டியே கொடுக்கலாம். ஆக, ஒவ்வொரு அனுமதியும் ஒரு ஊகம். இந்த ஊகம் இல்லாமல் மும்பை மாதிரி நெரிசலான நிலையத்தை ஓட்ட முடியாது.

அப்புறம் எப்போது அது ஆபத்தாகிறது? டெக்சாஸில் இருக்கும் ஆஸ்டின் விமான நிலையத்தில் 2023 பிப்ரவரி 4 அன்று நடந்ததைப் பாருங்கள்.

விடியற்காலை, அடர்ந்த மூடுபனி. டவரிலிருந்து பார்த்தால் ரன்வேயே தெரியவில்லை. மெம்ஃபிஸிலிருந்து வந்த ஃபெடெக்ஸ் சரக்கு விமானம், ஒரு போயிங் 767, கருவிகளை மட்டும் நம்பி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இறங்க அனுமதி கொடுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் கான்குன் போகவேண்டிய சவுத்வெஸ்ட் 737, "நாங்கள் தயார்" என்றது. ஃபெடெக்ஸ் மூன்று மைலில் வருகிறது என்று சொல்லிக்கொண்டே டவரில் இருந்த கன்ட்ரோலர் அதற்கும் டேக்-ஆஃப் அனுமதி கொடுத்தார், அதே ரன்வேயில்.

இறங்கும் விமானம் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் வந்தால், மூன்று கடல் மைல் என்பது சுமார் 77 விநாடி. வெயில் காலத்துப் பகலில், சுறுசுறுப்பான பைலட் என்றால் அது போதும். இங்கே சவுத்வெஸ்ட் பனியில் மெதுவாக ரன்வேக்குள் நுழைந்து, நின்று, என்ஜினை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓடத் தொடங்கியது. உறைபனி நேரத்தில் அது செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் "எங்களுக்குக் கூடுதல் நேரம் வேண்டும்" என்று அவர்கள் டவரிடம் சொல்லவில்லை, டவரும் கேட்கவில்லை. பார்வை இல்லாதபோது, புறப்படும் விமானம் ஓடத் தொடங்கும் நேரத்தில் இறங்குவது குறைந்தது இரண்டு மைல் தள்ளி இருக்க வேண்டும் என்று தனிக் கணக்கே உண்டு. ஃபெடெக்ஸ் அந்த இரண்டு மைலை எப்போதோ தாண்டிவிட்டது.

சந்தேகம் வந்தது ஃபெடெக்ஸ் பைலட்டுகளுக்குத்தான். "இறங்கலாம்தானே?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார்கள். ஆமாம் என்று பதில் வந்தது. கடைசி நேரத்தில் பனிக்குள் முன்னால் இருக்கும் விமானம் கண்ணில் பட்டதும் மேலே தூக்கினார்கள். "சவுத்வெஸ்ட், அபார்ட்!" (டேக்-ஆஃபைக் கைவிடு) என்று ரேடியோவில் கத்தியதும் அவர்கள்தான். டவருக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு அடுத்த வாக்கியமே சாட்சி: சவுத்வெஸ்ட் நின்றுவிட்டது என்று நினைத்த கன்ட்ரோலர், முடிந்தபோது வலதுபுறம் திரும்பி வெளியேறச் சொல்கிறார். அது கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது. "நெகட்டிவ்", அதாவது முடியாது, என்று பதில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி 150 முதல் 170 அடி என்கிறது இறுதி அறிக்கை. அந்த 767-இன் நீளமே 180 அடி.

2024-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதன்மைக் காரணமாகச் சொன்னது, சவுத்வெஸ்ட் முன்பே கிளம்பிவிடும் என்ற கன்ட்ரோலரின் தவறான ஊகத்தை. சவுத்வெஸ்ட் பைலட்டுகளுக்கும் பங்கு வைத்தது. தரையில் நிற்கும் விமானங்களைக் காட்டும் ரேடார் ஆஸ்டினில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னது. எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி விஷயம்தான். அந்த மூன்று மைலை விட அது பெரியது. மற்ற நாட்களில் ஊகம் தப்பினால், டவரில் இருப்பவர் ஜன்னல் வழியே 737 நகராமல் நிற்பதைப் பார்த்து, ஃபெடெக்ஸை மேலே போகச் சொல்லியிருப்பார். அன்று ஊகம் அதேதான், திருத்தும் கண் மட்டும் இல்லை. தினமும் பலித்த கணக்கு பனியிலும் பலிக்கும் என்று மனசு நம்பிவிடும். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இந்த இழுப்பு இருக்கும்.

மும்பையில் நிலைமை வேறு. அங்கே பார்வை இருந்தது, இடைவெளிதான் இறுக்கிப் பிடிக்கப்பட்டது. அந்தக் கன்ட்ரோலரைப் பணியிலிருந்து விலக்கி விசாரணை வைத்தார்கள். ஒருவரை விலக்குவதால் மட்டும் நெரிசல் குறையாது என்பது என் கட்சி.

இன்னொன்று. நீங்கள் போகும் விமானம் தரைக்குப் பக்கத்தில் வந்து, திடீரென்று உறுமிக்கொண்டு மேலே ஏறினால் பதறாதீர்கள். பல நேரம் டவரிலோ காக்பிட்டிலோ யாரோ தங்கள் ஊகம் தப்பியதைப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு சுற்று சுற்றி வந்து இறங்குவார்கள், கால் மணி நேரம் தாமதமாகும். ஆஸ்டினில் ஃபெடெக்ஸும் அப்படித்தான் மறுபடி வந்து இறங்கியது.