போனை டிவியில் மாட்டினால் கம்ப்யூட்டர் ஆகிவிடுமா?

கேள்வி: மகள் பி.காம் முதலாண்டு படிக்கிறாள். 'லேப்டாப் எதற்கு, போனையே டிவியில் மாட்டிக் கம்ப்யூட்டர் ஆக்கிவிடலாம்' என்று கடைக்காரர் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னதை நம்பி, 1,800 ரூபாய்க்கு டைப்-சி ஹப் (கீபோர்டு, மவுஸ், டிவி கேபிளைப் போனில் இணைக்கும் சாதனம்) வாங்கினேன். கீபோர்டும் மவுஸும் வேலை செய்கின்றன, டிவியில் மட்டும் படம் வரவில்லை. போன் 15,000 ரூபாய்க்கு வாங்கிய கேலக்ஸி ஏ வரிசை. வேறு ஹப் வாங்கட்டுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். இது போன்ற எந்த ஹப்பை மாட்டினாலும் இப்படித்தான் இருக்கும். டைப்-சி ஓட்டை எல்லாப் போனிலும் ஒரே மாதிரிதான் தெரியும், உள்ளே இருக்கும் இணைப்பு வேறு. இந்த விலைப் போன்களில் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 என்ற பழைய வகை இணைப்புதான். கீபோர்டு, மவுஸ், பென் டிரைவுக்கு அது போதும். எச்டிஎம்ஐ என்ற டிவி கேபிள் வழியாகப் படம் போக 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதி போனிலேயே இருக்க வேண்டும். வாங்கும் முன் போனின் விவரப் பட்டியலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.

சாம்சங்கில், டிவியில் கம்ப்யூட்டர் போன்ற திரை தரும் இந்த வசதிக்கு டெக்ஸ் என்று பெயர். 2017இல் எஸ்8 போனோடு வந்தது. இன்றும் எஸ் வரிசை, ஃபோல்ட் போன்ற விலை கூடிய போன்களில்தான் இருக்கிறது. ஏ வரிசையில் அநேகமாகக் கிடையாது. ஐபோன் 15இல் டைப்-சி வந்தும், போன் திரையில் தெரிவதேதான் டிவியிலும் தெரியும்.

சரி, டெக்ஸ் உள்ள பழைய எஸ் வரிசைப் போன் ஒன்றை வாங்கலாமா? கட்டுரை எழுத, எக்ஸெல் கணக்குப் போட, ஆன்லைன் வகுப்புக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் உங்கள் மகள் படிப்பது பி.காம். டேலி கற்காமல் தீராது, அதன் இப்போதைய வடிவமான டேலி பிரைம் விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருள். ஆண்ட்ராய்டு போனில் அதை நிறுவ முடியாது, டெக்ஸ் இருந்தாலும்தான். அந்தப் பணத்தில் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள பழைய லேப்டாப் ஒன்றைப் பாருங்கள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே சார்ஜரைக் கழற்றிச் சோதித்துவிடுங்கள்.

அதுவரை வீடியோ வகுப்பைப் பெரிதாகப் பார்க்க, ஸ்மார்ட் டிவியாக இருந்தால் வைஃபையில் போன் திரையைக் காட்டலாம். கொஞ்சம் தாமதமாகத் தெரியும், டைப் செய்ய ஒத்துவராது.

அப்புறம் அந்த 1,800 ரூபாய். போனைப் பார்த்தும் வேலை செய்யும் என்று சொல்லி விற்றதால், திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஹப்பை அதன் பெட்டியோடு, பில்லோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டிக் காட்டிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.