தேனீ, கதண்டு கொட்டினால் வரும் ஒவ்வாமை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஒவ்வாமைப் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். தென்னந்தோப்பு, தேயிலைத் தோட்டம், தேனீப் பெட்டி என்று எங்கெங்கிருந்தோ கேள்விகள் வந்திருக்கின்றன. முடிந்தவரை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். (கதண்டு என்பது பெரிய குளவி வகை.)

முருகேசன், ஒரத்தநாடு: தேங்காய் பறிக்க ஏறிய என் தம்பியைக் கதண்டு கொட்டிவிட்டது. விரலில்தான் கொட்டியது, ஆனால் முழங்கை வரை வீங்கி வடிய நாலு நாள் ஆனது. அடுத்த தடவை கொட்டினால் உயிருக்கு ஆபத்தா டாக்டர்?

வீக்கம் கொட்டிய கையோடு நின்றுவிட்டதால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். இப்படி வீங்கியவர்களில் அடுத்த கொட்டில் உடம்பு முழுக்க ஒவ்வாமை வருவது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் மாறுவது, மூச்சிரைப்பு, வாந்தி, கண் இருட்டிக்கொண்டு வருவது. இதில் ஏதாவது வந்திருந்தால் உடனே எழுதுங்கள்.

கவிதா, தேனி: தேனீயின் கொடுக்கை நகத்தால் கிள்ளி எடுக்கக் கூடாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார்களே? பாட்டி உடனே சுண்ணாம்பு தேடுவார்.

சுண்ணாம்பு டப்பாவைத் தேடுகிற நேரத்தில்தான் விஷம் இறங்குகிறது. தேனீ பறந்த பிறகு தோலை உற்றுப் பாருங்கள்: கொடுக்கோடு ஒட்டிய சின்ன விஷப்பை தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். முதல் அரை நிமிடத்துக்குள் பெரும்பாலான விஷம் உள்ளே போய்விடும். கிள்ளுவதா சுரண்டுவதா என்று கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் தங்கள் கையிலேயே கொட்டவைத்துப் பார்த்து, 1996இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். எப்படி எடுத்தாலும் தடிப்பு ஒன்றுதான், தாமதித்தால்தான் பெரிதாகிறது. அதனால் கையில் கிடைத்தபடி எடுங்கள், அப்புறம் ஐஸ் வையுங்கள். குளவியும் கதண்டும் பொதுவாகக் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், பெயர் வேண்டாம்: எங்களிடம் கொட்டு வாங்கி வருகிறவர்களுக்கு அவில், டெக்சா போடுவதுதான் வழக்கம். போதாதா மேடம்?

அரிப்புக்கு மட்டும் வந்தவருக்கு அரிப்பைக் குறைக்கும் அவில் போதும். மூச்சோ ரத்த அழுத்தமோ பாதித்திருந்தால் முதல் மருந்து அட்ரினலின், அதுவும் உடனே. பிரிட்டனில் தீவிர ஒவ்வாமை மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த பம்ஃப்ரி என்ற மருத்துவர், பூச்சி கொட்டி இறந்தவர்களில் பாதிப் பேருக்கு 15 நிமிடத்துக்குள் இதயமோ மூச்சோ நின்றிருந்ததைக் கண்டார். டெக்சா என்ற ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்கில் ஆகும். அட்ரினலின் பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், அதாவது ஒரு மில்லி ஆம்பூலில் பாதி. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். சரியாகவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நோயாளியைப் படுக்கவையுங்கள், காலை உயர்த்துங்கள். மூச்சிரைத்தால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். ஊசி போட்டுத் தெளிந்த ஒருவர் "பாத்ரூம் போய்ட்டு வந்துடறேம்மா" என்று கட்டிலை விட்டு இறங்கி இரண்டடி வைத்தார், அப்படியே சரிந்தார். தாங்கிப் பிடித்துப் படுக்கவைத்து மறுபடி ஊசி போட்டோம், பிழைத்தார். அன்றிலிருந்து கட்டில் பக்கத்திலேயே ஒரு ஆளை நிறுத்திவிடுகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தேனீ வளர்ப்பாளரின் மனைவி: அவருக்குப் போன மாதம் கொட்டி மயக்கமாகிவிட்டது. தேனீ விஷத்தையே ஊசியாகப் போடுவார்கள் என்கிறார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது அக்கா. நிஜமாகவே பலன் உண்டா?

உண்டு தங்கச்சி. பயப்படுவது நியாயம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1930 வாக்கிலிருந்து ஏறக்குறைய ஐம்பது வருடம், அமெரிக்காவில் தேனீ, குளவிகளை முழுசாக அரைத்து, அந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுவந்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் பலர் அடுத்த கொட்டில் தப்பித்தார்கள், அதனால் டாக்டர்களும் நம்பினார்கள். நியூயார்க்கில் மேரி லவ்லெஸ் என்ற மருத்துவர் மட்டும், பூச்சியின் உடம்பில் என்ன இருக்கிறது, விஷம்தானே காரணம் என்று 1950களிலேயே விஷப்பைகளைத் தன் கையால் பிரித்தெடுத்துச் சிகிச்சை செய்தார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1978இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹன்ட், லிக்டன்ஸ்டைன் குழுவினர் 59 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சுத்தமான விஷம், ஒன்றுக்கு அரைத்த சாறு, ஒன்றுக்கு மருந்தே இல்லாத வெறும் ஒப்பு ஊசி. அப்புறம் உயிருள்ள பூச்சியைக் கொட்டவைத்தார்கள். அந்த மாதிரிச் சோதனையில் கையில் டிரிப் ஓடிக்கொண்டிருக்கும், அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்கும். ஒப்பு ஊசி போட்டுக் கொட்டு வாங்கிய 12 பேரில் 7 பேருக்கு ஒவ்வாமை வந்தது. அரைத்த சாறு போட்ட 11 பேரிலும் 7. விஷம் போட்ட 18 பேரில் ஒரே ஒருவர்.

ஒப்பு ஊசிக்காரர்களில் 5 பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தப்பித்தார்கள், பாருங்கள். அந்த இயல்பான தப்பித்தலைத்தான் அத்தனை வருடமும் மருந்தின் பலன் என்று நினைத்திருந்தார்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு பிரிவு இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் முக்கியமான ஆய்வு இதுதான். மறு வருடமே அங்கே விஷ மருந்துக்கு அரசு அனுமதி கிடைத்தது.

உங்கள் வீட்டுக்காரருக்கு வருவோம். கொட்டி நாலு முதல் ஆறு வாரம் கழித்து ஒவ்வாமைப் பரிசோதனை செய்வது நல்லது; உடனே செய்தால் சில சமயம் இல்லை என்று காட்டிவிடும். டிரிப்டேஸ் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்; அது ஒவ்வாமை செல்கள் வெளியிடும் ஒரு பொருள், கூடுதலாக இருந்தால் ஆபத்தும் கூடுதல். சிகிச்சையில் மிகச் சிறிய அளவில் தொடங்கி 100 மைக்ரோகிராம் வரை ஏற்றுவார்கள், அது சுமார் இரண்டு தேனீக் கொட்டின் அளவு. மூன்று முதல் ஐந்து வருடம் தொடர வேண்டும். பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நீளலாம். குளவி விஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும், தேனீ விஷத்தில் எண்பது அளவிலும் பாதுகாப்பு கிடைக்கிறது. நம் ஊரில் இது எல்லா இடத்திலும் கிடைக்காது, பெரிய ஒவ்வாமை மையத்தில் விசாரியுங்கள். அதுவரை பெட்டிப் பக்கம் அவர் போக வேண்டாம்.

ரவி, ஹோபார்ட்: இங்கே ஜாக் ஜம்பர் எறும்பு என்று பயமுறுத்துகிறார்களே?

உண்மைதான், அது ஆஸ்திரேலியாவில் உள்ள கொட்டும் எறும்பு. உங்கள் டாஸ்மேனியாவில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு அதன்மேல் ஒவ்வாமை. ஆனால் அதே ஊரில் சைமன் பிரவுன் குழு அதற்கான விஷ மருந்தைச் சோதித்து, பலனை 2003இல் வெளியிட்டது. ஒப்பு மருந்துப் பிரிவில் கொட்டவைத்தபோது பத்தில் ஏழு பேருக்கு ஒவ்வாமை வந்தது. விஷ மருந்துப் பிரிவில் ஒருவருக்கும் இல்லை.

யோகேஸ்வரி, ஹட்டன்: கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து அம்மாவை நிறையக் குளவி கொட்டிவிட்டது. ஒவ்வாமை இல்லையே என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தோட்டத்தில் குளவி என்பது பெரும்பாலும் மலைத்தேனீதான். ஐம்பது கொட்டுக்கு மேல் என்றால் ஒவ்வாமை இல்லாவிட்டாலும் விஷமே தசையையும் சிறுநீரகத்தையும் தாக்கலாம், அதுவும் ஓரிரு நாள் கழித்து. சிறுநீர் குறைந்தாலோ தேநீர் நிறத்தில் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் மகள். நன்றாகத் தெரிந்தாலும் சிறுநீரக ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

சண்முகம், கோபி: பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எனக்கும் கதண்டு ஒவ்வாமை இருக்கிறது. மாத்திரையை நிறுத்தட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் ஐயா. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால் அட்ரினலின் சரியாக எடுபடாமல் போகலாம், மாற்ற முடியுமா என்று உங்கள் இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வரும்போது மருந்துச் சீட்டை மட்டுமல்ல, மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள்.